66 மஸ்டாங், பின்தூணில் ஈயம்: எப்படி எடுப்பது, பிறகு என்ன வைப்பது?

கறள்_வேட்டை | ஸ்காபரோ | சனி, இரவு 10.12

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

கார் 1966 மஸ்டாங், இரண்டு கதவு கூப்பே. சேஸி எண் ஆறு, எஃப் என்று தொடங்குகிறது, அதாவது டியர்பார்ன் தொழிற்சாலையில் கட்டிய வண்டி. ஒன்ராறியோ வீதிகளில் குளிர்காலத்தில் கொட்டும் உப்பு இதையும் விடவில்லை. இடதுபக்கக் குவார்ட்டர் பேனலில், அதாவது பின்சக்கரத்தைச் சுற்றி வரும் பக்கத் தகரத்தில், சக்கர வளைவுக்கு மேலே கறள் தின்று, விரல் உள்ளே போகிறது. துண்டு வைத்து ஒட்டும் நிலை தாண்டிவிட்டது. முழுப் பேனலையும் மாற்றுகிறேன். புதுப் பேனல் வந்து கராஜ் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

சிக்கல் மேலே. பின்கண்ணாடியின் பக்கத்தில் இருக்கும் அந்த அகலத் தூணில் கூரையும் குவார்ட்டர் பேனலும் சேரும் இடம் வெளியே தெரியவே தெரியாது. பெயின்ட்டைச் சுரண்டினேன். மூன்று விரல் அகலத்துக்கு மங்கிய வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. ஈயம்தான். அதற்குக் கீழேதான் இரண்டு தகரத்தையும் புள்ளி புள்ளியாகப் பிடித்திருக்கும் ஸ்பாட் வெல்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டால்தானே துளைத்துப் பழைய பேனலைக் கழற்றலாம்.

நாலரை அங்குலக் கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் போட்டால் ஐந்து நிமிட வேலை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கை வரவில்லை. கராஜ் வீட்டோடு ஒட்டியது, உள்கதவைத் திறந்தால் சமையலறை. மகளுக்கு நாலு வயது.

இரண்டு கேள்வி. எடுப்பது எப்படி? எடுத்த பிறகு மறுபடியும் ஈயமா, வேறு ஏதாவதா?

---

மைனர்_1000 | யாழ்ப்பாணம் | ஞாயிறு, காலை 9.30

தம்பி, கிரைண்டரைத் தொடாதீர்கள். நான் தொட்டவன், அதனால் சொல்கிறேன்.

என்னுடைய மொரிஸ் மைனரின் முன்மட்காட்டில் பழைய சொந்தக்காரர் காலத்தில் யாரோ ஈயம் நிரப்பியிருந்தார்கள். இரண்டு பின்னேரம் டிஸ்க் போட்டு அரைத்தேன். முதலில் டிஸ்க் அடைத்துக்கொண்டது. பிறகு சூட்டில் ஈயம் இளகி, தகரம் முழுக்க வெண்ணெய் தடவின மாதிரி இழுபட்டது. சுத்தமாக இருந்த இடமும் கெட்டது. மூன்றாம் நாள் பார்த்தால் சைக்கிள் சீற்றில், தண்ணீர்க் குடத்து மூடியில், கொடியில் காய்ந்த சட்டைகளில் எல்லாம் சாம்பல் நிறத் தூசி. அது என்ன தூசி என்று விளங்கிய இரவு எனக்கு நித்திரை இல்லை. வீட்டில் அப்போது பேரப்பிள்ளை தவழ்கிற வயது.

---

புதுப்பேட்டை_டிங்கர் | சென்னை | ஞாயிறு, பகல் 12.05

தம்பி, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நின்றீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ஈயம் என்று ஒரே வார்த்தையில் இரண்டு உலோகத்தைச் சொல்லிவிடுகிறோம். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். காரின் மூட்டில் இருப்பது இரண்டும் கலந்த பற்றாசு. வழக்கமான கலவை நூற்றுக்கு 30 வெள்ளீயம், 70 காரீயம். விஷம் அந்த எழுபதில் இருக்கிறது.

இந்தக் கலவைக்கு ஒரு குணம் உண்டு, மொத்த வித்தையும் அதில்தான். சுத்தக் காரீயம் 327 டிகிரியில் சட்டென்று தண்ணீராகும். வெள்ளீயம் 232-ல். இந்தக் கலவையோ 183 டிகிரியில் இளக ஆரம்பித்து, 255-ஐத் தொடும்போதுதான் முழுக்க உருகும். நடுவில் உள்ள எழுபது டிகிரியில் அது பிசைந்த மாவு மாதிரி இருக்கும். செங்குத்தான தூணில் வைத்தாலும் வழியாது, மரக்கரண்டியால் தள்ளினால் தள்ளின பக்கம் போகும். வைப்பதும் அந்த நிலையில்தான், எடுப்பதும் அந்த நிலையில்தான். அதனால் அரைக்காதீர்கள், உருக்கி எடுங்கள்.

எடுக்கும் முறை. பட்டையின் மேலே இருக்கும் பெயின்ட்டை முதலில் ரிமூவர் தடவி ஈரமாகவே வழித்துவிடுங்கள். பழைய பெயின்ட்டிலும் காரீயம் இருக்கும், அதை நெருப்பில் காட்டக் கூடாது. ரிமூவரைச் சுத்தமாகத் துடைத்து, காயவிட்டு, பிறகுதான் நெருப்பு. கீழே பழைய பேக்கிங் தட்டு ஒன்றைத் தாங்கி வையுங்கள், காய்ந்த தட்டாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்றி வைக்காதீர்கள். உருகின உலோகம் தண்ணீரில் விழுந்தால் வெடித்து முகத்துக்கு வரும். புரொப்பேன் டார்ச் போதும். கேஸ் வெல்டிங் நாசிலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கூரைத் தகரம் கோணிவிடும். நெருப்பை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே இருங்கள், விசிறி விடுகிற மாதிரி. பட்டையின் பளபளப்பு மாறி மேல்தோல் லேசாகத் தளரும். அப்போது நெருப்பை விலக்கி, மரத்துண்டால் கீழ்நோக்கித் தள்ளினால் கட்டி கட்டியாகத் தட்டில் விழும். ஒரு தடவைக்கு ஒரு சாண் நீளத்துக்கு மேல் வேண்டாம். கடைசியில் ஒட்டியிருப்பதைச் சூடாக இருக்கும்போதே பருத்தித் துணியால் துடைத்தால் கண்ணாடி மாதிரி வெள்ளைப் பூச்சு மட்டும் மிஞ்சும்.

சூடு எவ்வளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம். பட்டைக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் இரும்பைப் பளிச்சென்று தேய்த்து வையுங்கள். அது வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சூடு சரி. நீலம் பூத்தால் 300-ஐ நெருங்கிவிட்டது, டார்ச்சை எடுங்கள். காரீயப் புகை 500 டிகிரிக்கு மேல் போனால்தான் கணிசமாக எழும். அந்த நீலத்தைத் தாண்டாத வரை புகையைப் பற்றிய பயம் பெரும்பாலும் இல்லை. ஆனால் டார்ச் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளியில் மட்டும் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் வீசச் சொல்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1974-ல் பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்பாசடர், ஃபியட், சில நேரம் பெரிய செவர்லே. ஈயம் வைத்த பிறகு காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்த கையோடு அதே பெஞ்சில் டீயும் பன்னும். பத்து வருஷத்தில் வயிறு முறுக்கிப் பிடிக்கும், நாலு நாள் மலம் போகாது, வாயில் செம்பு நாணயம் வைத்த மாதிரி ஒரு ருசி. என்னோடு வேலை பார்த்தவருக்கு வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது, சுத்தியலைத் தூக்க முடியவில்லை. குடியால் வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் குடிக்கிற ஆளே இல்லை. யாரும் அன்றைக்கு எங்களுக்கு ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லவில்லை. அதனால்தான் நான் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

---

டியர்பார்ன்_பக்கம் | மிச்சிகன் | ஞாயிறு, காலை 9.48

ஐயா சொன்னதில் மாற்றச் சொல்ல எதுவும் இல்லை. மஸ்டாங்குக்கு மட்டும் சிலது சேர்க்கிறேன்.

அந்த மூட்டு ஒரு மேலேறு மூட்டு. கூரையும் குவார்ட்டரும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தைச் சற்றுப் பள்ளமாக அழுத்தி, வரிசையாக ஸ்பாட் வெல்டு அடித்து, பள்ளத்தை ஈயத்தால் நிரப்பிச் சமன் செய்திருக்கிறார்கள். அன்றைக்கு அசெம்பிளி லைனில் அதுதான் வேகமான வழி. பள்ளம் நிரப்பும் பாலியெஸ்டர் பட்டி 1950-களின் நடுவில்தான் கடைக்கு வந்தது, தொழிற்சாலைகள் அதன் பிறகும் நெடுநாள் ஈயத்தை விடவில்லை. ஈயம் அரைப்பதற்கென்றே தனி அறை இருக்கும். உள்ளே நிற்பவர்கள் வெளிக்காற்று குழாயில் வரும் தலைமூடி போட்டிருப்பார்கள். 1978-ல் அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா கொண்டுவந்த விதி, எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்றது. அப்படி அறை கட்டிச் செய்த வேலையைத்தான் அந்த வீடியோக்காரர் வெறும் முகத்தோடு செய்கிறார்.

இதைவிட அவசரமான விஷயம்: பெட்ரோல் டாங்கைக் கழற்றிவிட்டீர்களா? 66 மஸ்டாங்கில் டாங்கின் மேல்பக்கம்தான் டிக்கியின் தரை. தனியாகத் தகரம் கிடையாது. நீங்கள் டார்ச் பிடிக்கப் போகிற தூணிலிருந்து ஆள் கை நீட்டும் தூரம். டாங்கைக் கழற்றி, வெளியே கொண்டுபோய், குழாய் முனையை அடைத்துவிட்டு வந்து நெருப்பை மூட்டுங்கள். கூரை உள்துணி, தூணுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சத்தம் தடுக்கும் அட்டை, பின்சீட், பின்கண்ணாடி, அதன் ரப்பர், எல்லாம் வெளியே வரவேண்டும். உள்ளே யாராவது ஒருவர் ஈரத் துணியும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

---

கறள்_வேட்டை | ஸ்காபரோ | ஞாயிறு, இரவு 8.20

டாங்க் இன்னும் வண்டியில்தான் இருந்தது. கால்வாசி பெட்ரோலும் இருந்தது. வாசித்த உடனே போய்க் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன். மிக்க நன்றி அண்ணா.

ஐயா, நீங்கள் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். வேலையை முழுக்க வெளியே, டிரைவ்வேயில் செய்யப் போகிறேன். இதில் நான் இன்னும் கவனிக்காதது ஏதாவது இருக்கிறதா?

---

தொழில்நலச்_செவிலி | லெஸ்டர் | திங்கள், காலை 6.15

வாகனம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இரத்தத்தில் ஈயம் பார்ப்பது என் வேலை, அதனால் எழுதுகிறேன்.

வளர்ந்தவர்கள் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு உடம்பில் சேரும். சிறுபிள்ளைகளுக்குப் பாதி வரை சேரும். அவர்கள் மூளை வளரும் வயது. அமெரிக்காவில் 2021 முதல், குழந்தையின் இரத்தம் ஒரு டெசிலிட்டரில் 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இது பாதுகாப்பான அளவு என்ற பொருளில் சொன்னது இல்லை. குழந்தைக்கு ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. இரத்தத்திலிருந்து பாதி குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்புக்குள் போனது பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும்.

என்னிடம் வரும் குடும்பங்களில் பிள்ளைகள் பட்டறைக்குப் போனதே இல்லை. அப்பாவின் சட்டை, சப்பாத்து, தலைமுடி வழியாகத்தான் வீட்டுக்குள் வந்திருக்கும். வேலை உடுப்பு வாசலுக்கு வெளியே மாற வேண்டும், தனியாகத் துவைக்க வேண்டும். கையும் முகமும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தண்ணீர் குடிப்பதுகூட. நுண்தூசியையும் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட முகமூடி. மற்றபடி துணி மாஸ்க் எதுவும் உதவாது. விழுந்த துகளைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வேலை தொடங்கும் முன் ஒரு இரத்தப் பரிசோதனை, முடிந்து சில வாரத்தில் இன்னொன்று. உங்கள் குடும்ப மருத்துவர் எழுதித் தருவார்.

டிங்கர் ஐயா, நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வயதாகி எலும்பு தேயும்போது அதிலிருந்து காரீயம் திரும்ப இரத்தத்துக்கு வரும். தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

---

புதுப்பேட்டை_டிங்கர் | சென்னை | திங்கள், பகல் 1.40

பார்த்துப் பல வருஷம் ஆகிறதம்மா. நீங்கள் சொன்ன பிறகு இந்த வாரமே போகிறேன்.

---

கறள்_வேட்டை | ஸ்காபரோ | அடுத்த ஞாயிறு, மாலை 6.55

நேற்று எடுத்து முடித்தேன்.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை, டார்ச்சை அளவுக்கு மீறித் தூரத்தில் பிடித்திருக்கிறேன். கொஞ்சம் கிட்டக் கொண்டுபோனதும் பட்டையின் மேலே ஈரம் கோத்த மாதிரி ஒரு மினுக்கம் ஓடியது. மேப்பிள் துண்டால் தள்ளினேன். இறுகின தேன் மாதிரி மடிந்து மடிந்து இறங்கித் தட்டில் விழுந்தது. 58 வருடமாக வெளிச்சம் காணாத இரும்பு கீழே. டியர்பார்னில் யாரோ தேய்த்த கோடுகள்கூட அப்படியே இருந்தன.

ஸ்பாட் வெல்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பட்டையின் கீழ் முனையில் மட்டும் ஈயத்துக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசளவு கறள். மேலே ஒரு குமிழும் இல்லை, ஆனால் உள்ளே கறுப்பாக அரித்திருந்தது. வெளியிலிருந்து தண்ணீர் வந்திருக்க வழியே தெரியவில்லை. எப்படி?

விழுந்ததைத் தகர டின்னில் போட்டு மூடியிருக்கிறேன். மாநகராட்சி அபாயக் கழிவு வாங்கும் நிலையத்தில் கொடுப்பேன்.

---

கோவை_பெயின்டர் | கோயம்புத்தூர் | திங்கள், காலை 8.05

அது தண்ணீர் இல்லை, ஃபிளக்ஸ். ஈயம் பிடிக்கத் தடவுகிற அமிலம், பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு. கழுவாமல் விட்ட சொட்டு மூட்டுக்குள் உட்கார்ந்து ஈரத்தை இழுத்து உள்ளேயே அரிக்கும். என் தரப்புக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: மறுபடி ஈயம் வைக்காதீர்கள். ஈயம் வைத்த மூன்று வண்டிக்குப் பெயின்ட் அடித்து, மூன்றிலும் ஒரு வருஷத்துக்குள் அந்த இடத்தில் மட்டும் கொப்புளம் கிளம்பி, மூன்றையும் என் செலவில் திரும்ப அடித்திருக்கிறேன். மூட்டை முழுக்க வெல்டு வைத்து மூடுங்கள், மேலே உலோகத்தூள் கலந்த எபாக்சி பட்டி வையுங்கள். இன்றைக்குக் கிடைக்கும் எபாக்சி 66-ல் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தால் அவர்களும் அதைத்தான் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, யாரும் ஈயம் உள்ள பாடியைப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பாதீர்கள். அந்த அடுப்பு 180, 200 டிகிரி போகும். தூணில் ஈயம் இளகித் தொய்ந்துவிடும். சாதாரணப் பெயின்ட் பூத்தின் 60, 70 டிகிரிக்குப் பிரச்சினை இல்லை.

---

புதுப்பேட்டை_டிங்கர் | சென்னை | திங்கள், பகல் 12.30

பெயின்டர் தம்பி சொன்னது அனுபவம், மறுக்க மாட்டேன். ஆனால் கொப்புளத்துக்குக் காரணம் கழுவாமல் விட்ட கை. ஈயத்தின்மேல் பழி போட வேண்டாம்.

முழுக்க வெல்டு வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. மூட்டின் இடுக்கில் பழைய ஈயம் கொஞ்சமாவது ஒளிந்திருக்கும். மிக் வெல்டிங் அதைத் தொட்டால் படபடவென்று வெடித்து, வெல்டு பொத்தல் பொத்தலாக வரும், விரிசலும் விடும். கூரை விளிம்பில் வெல்டு விழப்போகிற இடத்தில் அந்த வெள்ளைப் பூச்சும் போயாக வேண்டும். கைச்சுரண்டியும் ஈரமாகத் தேய்க்கும் எமரியும்தான் அதற்கு. அதோடு ஒரு முழ நீளம் தொடர்ந்து வெல்டு வைத்தால் அந்தக் கூரைத் தகரம் சும்மா இருக்காது. மேல்தகரத்தில் துளை போட்டு அதை நிரப்பும் துளை வெல்டு மட்டும் நெருக்கமாக அடித்தால் தகரம் கோணாது. ஆனால் அந்த மூட்டு வண்டி ஓடும்போது மயிரிழை அளவு அசையும். அசையும் மூட்டின் மேல் பட்டி வைத்தால் இரண்டு மழைக்காலத்தில் ஒரு கோடு எழும்பித் தெரியும். ஈயம் அப்படி இல்லை. வெள்ளீயம் இரும்போடு உலோகமாகவே கலந்து பிடிக்கிறது. பட்டி மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஈயம் பிடிப்பது என்றால் என்ன என்று நான் டிங்கர் கடையில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி வைத்துக் கரி மூட்டி, பித்தளை அண்டாவைப் புரட்டிப் புரட்டிச் சூடேற்றுவார். நவச்சாரத்தை ஒரு சிட்டிகை தூவினதும் குப்பென்று வெள்ளைப் புகை. வெள்ளீயக் குச்சியை ஓர் இழு இழுத்து, பஞ்சால் ஒரே வீச்சில் துடைப்பார். கறுத்துக் கிடந்த அண்டாவின் உள்பக்கம் நிலா மாதிரி ஆகிவிடும். எங்கே அழுக்கு இருந்ததோ அங்கே மட்டும் பிடிக்காமல் ஒரு கறுப்புப் புள்ளி நிற்கும். அவர் திட்டிக்கொண்டே அந்த இடத்தை மணல் போட்டுத் தேய்த்துத் திரும்பப் பூசுவார். காரிலும் அதேதான். சுத்தம், சூடு, நவச்சாரத்துக்குப் பதில் டின்னிங் பேஸ்ட் (ஃபிளக்ஸும் பற்றாசுத் தூளும் கலந்த பசை), பஞ்சுக்குப் பதில் துணி. கறுப்புப் புள்ளி ஒன்றைக்கூட விட்டுவிட்டு மேலே போகக் கூடாது. அங்கேதான் பிறகு கொப்புளம் வரும்.

---

தொழில்நலச்_செவிலி | லெஸ்டர் | திங்கள், மாலை 5.10

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டு ஈயச்சொம்பு நினைவு வந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும்: காருக்கு வாங்கிய பற்றாசுக் குச்சி மிஞ்சியிருக்கிறது என்று யாரும் அதைப் பாத்திரத்துக்குப் பூசக் கொடுத்துவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். புளி ரசம் காரீயத்தைக் கரைத்து இழுத்துவிடும்.

---

மைனர்_1000 | யாழ்ப்பாணம் | திங்கள், இரவு 11.00

காரீயமே இல்லாத பற்றாசுக் குச்சி இப்போது விற்கிறார்களே, அதை வைத்தால் என்ன? சண்டையே இல்லையே.

---

டியர்பார்ன்_பக்கம் | மிச்சிகன் | திங்கள், பகல் 2.25

வைக்கலாம். நானும் ஒரு கதவு விளிம்புக்கு வைத்திருக்கிறேன். வெள்ளீயம்தான் அதில் பெரும்பங்கு, விலையும் அதனால் கூடுதல். மாவு மாதிரி இருக்கும் அந்த இடைவெளி குறுகலாக இருக்கும், இறுகியிருக்கிறது என்று நினைக்கும்போதே வழிந்துவிடும். படுக்கையான இடத்தில் பழகிக்கொண்டு பிறகு தூணுக்குப் போகலாம். பழைய ஈயம் மிச்சமிருக்கும் இடத்தில் அதைக் கலக்க வேண்டாம், உருகும் குணம் மாறிவிடும்.

நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு என் வாக்கு இதற்குத்தான். அல்லது பெயின்டர் சொல்லும் எபாக்சி. ஐயா மன்னிக்க வேண்டும்.

---

புதுப்பேட்டை_டிங்கர் | சென்னை | செவ்வாய், காலை 7.15

மன்னிக்க என்ன இருக்கிறது, நல்ல யோசனை. பிள்ளை இருக்கும் வீட்டில் காரீயம் வைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈயம் என்கிற முறை கெட்டது என்றார்கள், அதற்குத்தான் பதில் சொன்னேன். காரீயம் இல்லாத குச்சியே வாங்குங்கள் தம்பி, முறை ஒன்றுதான். கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான். பழைய குவார்ட்டரை வெட்டி எடுத்திருப்பீர்களே, அதில் ஒரு துண்டைச் செங்குத்தாக நிறுத்தி நாலு தடவை வைத்துப் பாருங்கள்.

வைக்கிற விதம். பேஸ்ட்டைத் தடவிச் சூடு காட்டினால் முதலில் பழுப்பாகும், பிறகு பேஸ்ட்டுக்குள் வெள்ளி மணி மணியாகத் தெரியும். அந்த நொடியில் துணியால் துடையுங்கள். நிரப்பப் போகும் இடத்தைவிட இரண்டு விரல் அகலமாகவே பூசுங்கள். அதன்பின் வெந்நீரால் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். இந்த இடத்திலேயே ஒரு கழுவல், கடைசியில் இன்னொன்று. குச்சியின் நுனியையும் தகரத்தையும் ஒரே நேரத்தில் சூடேற்றி, நுனி தளர்ந்ததும் தகரத்தில் அழுத்தித் திருகினால் ஒரு காளான் மாதிரி ஒட்டி நிற்கும். கீழேயிருந்து மேலே அப்படி வரிசையாக ஒட்டிக்கொண்டே போங்கள். பிறகு மெல்லிய நெருப்பு, மரக்கரண்டி. நாங்கள் பூவரசங்கட்டையில் செதுக்கிக்கொள்வோம், உங்கள் ஊர் மேப்பிள் அதைவிட நன்றாகவே இருக்கும். கரண்டியில் தேன்மெழுகு தடவிக்கொள்ளுங்கள், ஒட்டாது. கரண்டி அழுத்துகிற வேலையைத்தான் செய்ய வேண்டும், தேய்க்கிற வேலையைச் செய்யக் கூடாது. தேய்த்தால் கீழே உள்ள பூச்சு விட்டுவிடும்.

கூரைப் பக்கம் ஈரத்துணியைச் சுற்றி வையுங்கள். சமனுக்கு மேலே அரிசி மணி உயரம் விட்டு நிறுத்தி, ஆறினதும் வளைந்த பல் உள்ள பாடி அரத்தால் இழுங்கள். அரம் சீவல் சீவலாக எடுக்கும், தூசி பறக்காது. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். காரீயம் இல்லாத குச்சி என்றாலும் டிஸ்க் வேண்டாம், பழைய மிச்சம் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

---

கறள்_வேட்டை | ஸ்காபரோ | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.30

மன்னிக்கவும், குவார்ட்டர் பொருத்தவே இரண்டு வாரம் போய்விட்டது. கதவு இடைவெளி சரிவர மூன்று தடவை கழற்றி மாட்டினேன்.

துளை வெல்டு நெருக்கமாக அடித்தேன். காரீயம் இல்லாத குச்சிதான் வாங்கினேன். பழைய பேனல் துண்டில் ஐந்து தடவை பழகினேன். முதல் மூன்றும் நிலத்தில்தான் கிடந்தன. நாலாவதில் கைக்குப் பிடிபட்டது. தளர்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மூச்சு முன்னமே நெருப்பை விலக்க வேண்டியிருக்கிறது.

தூணில் நேற்று வைத்தேன். பூசும்போது பழைய கறள் இருந்த இடத்தில் ஐயா சொன்ன அதே கறுப்புப் புள்ளி, மிளகு அளவில். மூன்று தடவை சுரண்டித் திரும்பப் பூசிய பிறகுதான் பிடித்தது. அரம் போட்டு முடித்துக் கையை மேலிருந்து கீழே ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் மூட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கீழ்முனையில் இரண்டு ஊசித்துளை மட்டும் இருக்கிறது.

இரத்தப் பரிசோதனை அடுத்த வாரம், அக்கா. மகளுக்கும் சேர்த்தே எழுதி வாங்கியிருக்கிறேன்.

இனி நேரே எபாக்சி பிரைமர் அடிக்கலாமா?

---

கோவை_பெயின்டர் | கோயம்புத்தூர் | திங்கள், காலை 7.50

இன்னும் இல்லை. முதலில் தேன்மெழுகு போக மெழுகு எடுக்கும் திரவத்தால் துணி மாற்றி மாற்றித் துடையுங்கள். அந்த இரண்டு ஊசித்துளையைத் திறந்து பாருங்கள், உள்ளே ஃபிளக்ஸ் இருந்தால் மூடி என்ன பயன்? சுத்தமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் சூடு காட்டி அடைத்து, திரும்ப அரம். பிறகு ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கைப்பிடி சமையல் சோடாவைக் கரைத்து, பிரஷ்ஷால் மூட்டின் மேலும் உள்பக்கத்திலும் தேயுங்கள். நுரைக்கிற இடத்தில் அமிலம் இருக்கிறது. நுரை நிற்கும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே ஹாட் கன் வைத்துக் காயவையுங்கள். அன்றைக்கே எபாக்சி பிரைமர். மெல்லிய பட்டி ஏதாவது வேண்டுமென்றால் பிரைமருக்கு மேலேதான். வண்டி முடிந்த பிறகு தூணின் உள்பக்கம் குழி மெழுகு (உள்ளே கறள் பிடிக்காமல் தடுக்கும் மெழுகு) அடித்துவிடுங்கள்.

---

புதுப்பேட்டை_டிங்கர் | சென்னை | திங்கள், காலை 11.20

பெயின்டர் தம்பி சொன்னபடியே செய்யுங்கள். உள்பக்கம் பிரஷ் எட்டாத மூலைக்கு ஒரு குச்சியில் துணி சுற்றிச் சோடாத் தண்ணீரில் நனைத்து விடுங்கள். கறள் இருந்தது கீழ்முனை, தண்ணீர் வடிந்து நிற்பதும் கீழ்முனை, அதை மட்டும் இரண்டு தடவை கழுவுங்கள்.

செவிலி அம்மாவுக்கு: பரிசோதனைக்குப் போய்வந்தேன். முடிவு வியாழக்கிழமை வருகிறது. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.